வாரிசு யாருன்னு யாரைக் கேட்டு கேட்டீங்க?

டிஸ்கி: இது எந்தக் கட்சிக்கும் ஆதரவான பதிவு இல்லை. எதிரான பதிவும் இல்லை. உள்குத்து தேடுறவங்க தாராளமா தேடலாம். கிடைச்சா எனக்கும் சொல்லி அனுப்புங்க :-)

மக்களே, உங்க எல்லாருக்கும் வந்திருக்கும். 'அடுத்த தலைவர் யார்? மக்கள் மனதில் யார்?' அப்படின்னு ஒரு கலர் படம். நாலு மூஞ்சி, மூஞ்சிக்குக் கீழ நாலு சதவீதம். எந்தக் கட்சிக்காரர் அனுப்பினாலும் அவர் ஆளுதான் அதுல முதல் இடம். கட்சிக்காரர் அனுப்புறதுல எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, அது அவர் பொழப்பு. நல்லா எழுதற, நாலும் தெரிஞ்ச பதிவர்கள்கூட இந்த நம்பரை எடுத்து வெச்சுக்கிட்டு 'மக்கள் தீர்ப்பு'ன்னு பத்தி பத்தியா அலசறாங்க பாருங்க, அதுதான் தாங்கல. அதுக்குதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். டீ சொல்லிட்டு உக்காருங்க.

நான் சொல்ல வர்றது ஒண்ணே ஒண்ணுதான். 'யார் ஜெயிப்பாங்க'ன்னு கேக்கறது கணிப்பு. சரியோ தப்போ, ஓட்டு எண்ணுற அன்னிக்கு சாயம் வெளுத்துடும். ஆனா 'இந்தக் கட்சிக்கு அடுத்த தலைவர் யாரா இருக்கணும்'னு ஊரைக் கேக்கறது கணிப்பே கிடையாது. ஏன்னா ஊருக்கு அதுல ஓட்டே இல்லை. ஓட்டு இல்லாதவன்கிட்ட போய் ஓட்டு கேக்கற மாதிரி ஒரு பாவ்லா. அந்த நம்பரைத் தூக்கிட்டுப் போய் கட்சிக்கு உள்ள இருக்கற பெரியவர் முன்னாடி வெச்சு, 'பாருங்கய்யா, ஜனங்களே சொல்றாங்க'ன்னு நீட்டறது. இதுக்குப் பேரு எங்க ஊர்ல சிபாரிசுக் கடுதாசி.

இந்தக் கடுதாசி எவ்ளோ தூரம் போகும்னு தமிழ்நாட்டுக்குத் தெரியாம இல்லை. 2007 மே மாசம் ஞாபகம் இருக்கா? இருக்கணும். அந்தக் காலத்துல பதிவு படிச்ச ஆளுங்க யாருக்கும் மறந்திருக்காது.

கருணாநிதி முதல்வர். அவர் 1957ல சட்டமன்றத்துக்குள்ள நுழைஞ்சு 50 வருஷம் ஆனதைக் கொண்டாட ஏற்பாடு நடந்துக்கிட்டு இருக்கு. தினகரன் பேப்பர் ஏ.சி. நீல்சன் கம்பெனியோட சேர்ந்து வரிசையா கருத்துக்கணிப்பு போடுது. தினகரன் 2005ல சன் குழுமத்தின் கைக்கு வந்த பேப்பர். ஒரு ரூபாய்க்கு வித்து மத்த பேப்பர்காரங்களை எல்லாம் கதிகலங்க வெச்ச பேப்பர். குழுமத்தோட முதலாளி கலாநிதி மாறன். அவர் தம்பி தயாநிதி மாறன் அப்போ மத்திய அமைச்சர். ரெண்டு பேரும் முரசொலி மாறனோட பசங்க, அதாவது கருணாநிதியின் அக்கா பேரன்கள். கணிப்பு வரிசையில் தமிழ்நாட்டு மத்திய அமைச்சர்கள்ல யார் நல்லா வேலை செய்யறாங்கன்னு ஒரு கேள்வி வந்தது. முதல் இடம் தயாநிதி. சரி, இருக்கலாம், அதையும் விடுங்க.

மே 9ஆம் தேதி வந்த கேள்வி: கருணாநிதியின் அரசியல் வாரிசு யார்? ஸ்டாலினுக்கு 70 சதவீதம். அழகிரிக்கு 2. கனிமொழிக்கு 2.

அன்னிக்குக் காலையிலேயே மதுரையில் அழகிரி ஆதரவாளர்கள் தெருவில் இறங்கினாங்க. பேப்பரை எரிச்சாங்க, பஸ்ஸை எரிச்சாங்க, தினகரன் ஆபீஸ்மேல பெட்ரோல் குண்டு விழுந்தது. உள்ள வேலை பார்த்துக்கிட்டு இருந்த மூணு பேர் செத்துப் போனாங்க. ரெண்டு பேர் கம்ப்யூட்டர் பிரிவு, ஒருத்தர் காவலாளி. அந்தக் கேள்வியைத் தயாரிச்சது அவங்க இல்லை. பதில் சொன்னதும் அவங்க இல்லை. அச்சடிக்கலாமா வேண்டாமான்னு அவங்களை யாரும் கேக்கலை. 70ம் 2ம் அவங்களுக்கு ஒரு ஷிப்டு வேலை, அவ்ளோதான்.

அப்புறம் நடந்தது எல்லாம் உங்களுக்கே தெரியும். மே 13ஆம் தேதி தயாநிதி மாறன் பதவி போச்சு. செப்டம்பர் 15ல கலைஞர் டி.வி. வந்தது. 2008 டிசம்பர்ல குடும்பம் ஒண்ணு சேர்ந்தது, கண்கள் பனித்து இதயம் இனித்த அந்தக் கதை. வழக்கு சி.பி.ஐ. கைக்குப் போய், 2009 டிசம்பர்ல மதுரை கோர்ட்டு குற்றம் சாட்டப்பட்ட 17 பேரையும் விடுதலை பண்ணிச்சு. அப்பீல்ல 2019 மார்ச்லதான் ஹைகோர்ட் மதுரைக் கிளை 9 பேருக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது. குடும்பம் சேர ஒன்றரை வருஷம், தண்டனை வர கிட்டத்தட்ட 12 வருஷம். கணக்குப் போட்டுக்கோங்க.

குண்டு போட்டவன் செஞ்சது கொலை. அதுல எனக்கு ரெண்டாவது கருத்து கிடையாது. 'கணிப்பு போட்டதாலதான்'னு பழியைப் பேப்பர்மேல திருப்பிவிடற ஆளும் நான் இல்லை. அப்படி ஒரு கூட்டம் அப்பவே கிளம்பிச்சு, அது அயோக்கியத்தனம். பேப்பர்ல என்ன வந்தாலும் பெட்ரோல் எடுக்க எவனுக்கும் உரிமை இல்லை. ஆனா ஒண்ணு யோசிங்க. ஸ்டாலினுக்கு 70ன்னா அதுக்காக ஒருத்தன் ஏன் கொதிக்கணும்? அது வெறும் நம்பர்னு அவன் நினைச்சிருந்தா கொதிச்சிருக்க மாட்டான். வீட்டுக்குள்ள பாகப்பிரிவினை நடக்குது, அதுல ஒரு பங்காளி ஊரைக் கூட்டிக் கையெழுத்து வாங்கிட்டு வந்துட்டான்னு நினைச்சான். அதைத்தான் சொல்றேன். எழுதினவன், படிச்சவன், எரிச்சவன், எல்லாருக்கும் அது சிபாரிசுக் கடுதாசின்னு தெரிஞ்சிருந்தது. 'மக்கள் கருத்து'ன்னு நம்பினது நாம மட்டும்தான்.

உடனே ஒருத்தர் கை தூக்குவார்: 'அமெரிக்காவுல இதேதானே பண்றாங்க? எலெக்‌ஷனுக்கு ரெண்டு வருஷம் முன்னாடியே யார் வேட்பாளரா வரலாம்னு வாரா வாரம் போல் எடுக்கறாங்களே?'

எடுக்கறாங்க சார். ஆனா அங்க பிரைமரின்னு ஒண்ணு நடக்குது. 1968ல ஜனநாயகக் கட்சி மாநாட்டுல நடந்த கலாட்டாவுக்கு அப்புறம் விதிகளை மாத்தினாங்க. 1972லேர்ந்து வேட்பாளரைப் பெரும்பாலும் ஓட்டுப் போட்டுத்தான் தேர்ந்தெடுக்கறாங்க. அயோவால இருக்கற விவசாயியும் நியூ ஹாம்ப்ஷயர்ல இருக்கற வாத்தியாரும் நெஜமாவே போய் ஓட்டுப் போடறாங்க. அவங்ககிட்ட போன் போட்டு 'யாருக்குப் போடுவீங்க'ன்னு கேட்டா அதுல அர்த்தம் இருக்கு. நாளைக்குக் கல்யாணம், இன்னிக்கு நிச்சயதார்த்தம். நம்ம ஊர்ல கல்யாணமே கிடையாது, நிச்சயதார்த்தத்துக்கு மட்டும் மொய் கேக்கறாங்க.

அதுவும் அங்கயே இந்த முன்கூட்டிய கணிப்பு எவ்ளோ கேவலமா கவுந்திருக்குன்னு பாருங்க. 2007 முழுக்க குடியரசுக் கட்சியில யார் முதல் இடம்? நியூயார்க் மேயரா இருந்த ரூடி ஜூலியானி. நாடு தழுவிய கணிப்புல மாசக் கணக்கா முன்னாடி இருந்தார். 2008 ஜனவரி கடைசியில புளோரிடாவுல மண்ணைக் கவ்வி மூட்டை கட்டிட்டார். வேட்பாளர் ஆனது மெக்கெய்ன். அந்தப் பக்கம் 2007ல ஹிலாரிதான் நிச்சயம்னு சொன்ன கணிப்புகள் எத்தனை? வந்தது ஒபாமா. சரி, ஒபாமா பக்கம் காத்து திரும்பிடுச்சுன்னு நியூ ஹாம்ப்ஷயர்ல கணிப்பு எல்லாம் அவரைச் சொன்னா, 2008 ஜனவரி 8ஆம் தேதி அங்க ஜெயிச்சது ஹிலாரி! ஓட்டு இருக்கற ஊர்லயே இந்த லட்சணம்.

காரணம் ரொம்ப சிம்பிள். தேர்தலுக்கு ஒரு வருஷம் முன்னாடி 'யாரு வேணும்'னு கேட்டா ஜனங்க 'எனக்கு யாரைத் தெரியும்'ங்கற கேள்விக்குத்தான் பதில் சொல்றாங்க. ஜூலியானி பேரு 2001 செப்டம்பர் 11க்கு அப்புறம் எல்லாருக்கும் தெரியும். தெரிஞ்ச பேரைச் சொன்னாங்க. ஓட்டுப் போடற நாள் வரும்போதுதான் மத்தவங்க பேரையும் கேட்டு, பேச்சையும் கேட்டு யோசிச்சாங்க. நம்ம ஊர்ல அந்த யோசிக்கற நாள் வரவே வராது. தெரிஞ்ச பேர்லயே கதை முடிஞ்சுடும்.

இந்தத் தெரிஞ்ச பேர் விவகாரத்துல உலக சாதனை நம்மளுதுதான். 'ரஜினி வந்தால்?' 1996லேர்ந்து எத்தனை பத்திரிகை, எத்தனை அட்டைப்படம், எத்தனை சதவீதம்! 2017 டிசம்பர் 31ல வர்றேன்னார், 2020 டிசம்பர் 29ல வரலைன்னார். நடுவுல ஒரு வார்டு தேர்தல்லகூட நிக்காத ஒரு கட்சிக்கு, ஆரம்பிக்கவே ஆரம்பிக்காத ஒரு கட்சிக்கு, சதவீதம் மட்டும் இருந்துக்கிட்டே இருந்தது. வராத வேட்பாளரை மாதிரி நல்ல வேட்பாளர் உலகத்துல கிடையாது. அவர் எந்தக் கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டாம், எந்த ரோட்டையும் போட வேண்டாம், எந்தக் கூட்டணிக்கும் போக வேண்டாம்.

2025 மார்ச்ல சி-வோட்டர் கணிப்பு ஒண்ணு வந்தது. முதல்வரா யார் வரணும்? ஸ்டாலின் 27, விஜய் 18, எடப்பாடி பழனிசாமி 10, அண்ணாமலை 9. இதை வெச்சு எத்தனை விவாதம், எத்தனை படம்! நாலையும் கூட்டுங்க. 64 வருது. மீதி 36 எங்க? வேற பேரு சொன்னவங்களும் பேரு எதுவும் சொல்லாதவங்களும் சேர்ந்த கூட்டம் அது. அந்தக் கணிப்புலயே பெரிய கட்சி அதுதான். முதல் இடத்தைவிட 9 பாயிண்ட் முன்னாடி நிக்குது! ஆனா அதுக்கு மூஞ்சி இல்லை, அதனால படத்துல இடமும் இல்லை.

இன்னொரு கோஷ்டி இருக்கு. 'ஆயிரம் பேரைக் கேட்டுட்டு ஏழு கோடிப் பேரைப் பத்திச் சொல்றான், ஃபிராடு'ம்பாங்க. நான் அந்தக் கோஷ்டி இல்லைங்க. ஆயிரம் பேரைக் கேட்டுச் சொல்ல முடியும். ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்னு நம்ம பாட்டிகளுக்குத் தெரிஞ்ச விஷயம்தான். ஆயிரம் பேரைச் சரியா சீட்டுக் குலுக்கற மாதிரி பொறுக்கினா மாநிலத்துக்கு முன்ன பின்ன 3 சதவீதத்துல சொல்லிடலாம், அது கணக்கு. ஆனா பாட்டி சொன்னதுல ரெண்டு விஷயம் ஒளிஞ்சிருக்கு. ஒண்ணு, பானை ஒண்ணா இருக்கணும். ரெண்டு, கிளறிவிட்டு எடுக்கணும். மேலாக்க இருக்கற ஒரு சோத்தைத் தொட்டுட்டு 'வெந்துடுச்சு'ன்னா அடியில பிடிச்சது யாருக்குத் தெரியும்? அதே ஆயிரத்தை மாவட்டவாரியா பிரிச்சா 38 மாவட்டத்துக்கு ஆளுக்கு 26 பேர். 234 தொகுதிக்குப் பிரிச்சா தொகுதிக்கு நாலு பேர். அந்த நாலு பேரை வெச்சு 'வட மாவட்டங்களில் இவர் முந்துகிறார்'னு ஒரு தனி பாக்ஸ் போடறாங்க பாருங்க, அங்கதான் ஃபிராடு ஆரம்பிக்குது.

கிளறாம எடுக்கறதுக்கு உலகத்துலயே பெரிய உதாரணம் 1936. லிட்டரரி டைஜஸ்ட்னு ஒரு அமெரிக்கப் பத்திரிகை. 1 கோடி பேருக்குக் கார்டு அனுப்பி, சுமார் 24 லட்சம் பதில் வாங்கி, லாண்டன்தான் ஜனாதிபதின்னு சொல்லிச்சு. போன் வெச்சிருந்தவங்க, கார் வெச்சிருந்தவங்க லிஸ்ட்டுலேர்ந்து முகவரி எடுத்தா வேற என்ன வரும்? 48 மாநிலத்துல 46ஐ ரூஸ்வெல்ட் அள்ளிட்டார். வெறும் அம்பதாயிரம் பேரைக் கேட்ட கேலப் சரியா சொன்னார். எத்தனை பேரைக் கேட்டேங்கறது பெரிசில்லை, யாரைக் கேக்கலைங்கறதுதான் பெரிசு.

யாரைக் கேக்கலை? இதுக்கு எங்க ஊருக்கு வாங்க, காட்டறேன். தேசூர். வந்தவாசிப் பக்கம் சின்ன டவுன். ஆரணிப் பட்டுன்னு நீங்க கடையில வாங்கறீங்களே, அதுல ஒரு பங்கு எங்க ஊர் மாதிரி சுத்துப்பட்டு ஊர்த் தறியில நெய்யறதுதான். குழித்தறியில காலையில உக்காந்தவர் மத்தியானம் சோத்துக்குத்தான் எழுந்திருப்பார். பொம்பளைங்க வீட்டு வேலையும் பார்த்து, ராட்டையில தாரும் சுத்திக்கிட்டு இருப்பாங்க. சில வருஷம் முன்னாடி ஒரு தேர்தல் சமயத்துல ஒரு தம்பி கையில டேப்லெட்டோட வந்தார். எந்தக் கம்பெனின்னு பேரு சொல்ல மாட்டேன். காலையில 11 மணி. நேரா பஸ் ஸ்டாண்டு டீக்கடை. அந்த நேரத்துல டீக்கடையில யாரு இருப்பா? வேலை இல்லாதவங்க, கட்சிக்காரங்க, நான் :-) பொம்பளை ஒருத்தர்கூட இல்லை. தறிச் சத்தம் கேக்கற தெருவுக்குள்ள அந்தத் தம்பி காலே வைக்கலை.

பாவு இழை ஒண்ணு அந்துபோய், பிணைக்கறதுக்கு ஆள் கூப்பிட வந்த எங்க தெருப் பெரியவர் ஒருத்தர் மட்டும் மாட்டினார்.

"ஐயா, உங்க விருப்ப முதல்வர் யாருங்கய்யா?"

"இன்னாத்துக்குபா கேக்குறே? நான் சொன்னா அவரைப் போட்ருவாங்களா?"

"சும்மா ஒரு பேரு சொல்லுங்கய்யா. இன்னிக்குள்ள நாப்பது பேர் முடிக்கணும்."

"அப்போ நீயே ஒரு பேரு போட்டுக்க தம்பி. எனக்குப் பாவு கெடக்குது."

தம்பி போட்டுக்கிட்டார். நான் பக்கத்துல உக்காந்து பார்த்தேன். அவரைக் குத்தம் சொல்லி என்ன பண்ண? வெயில்ல அலையற கூலிப்பையன், நாப்பது முடிச்சாதான் காசு. ஆனா அந்தப் பெரியவர் அன்னிக்கு ஒரு சதவீதத்துக்குள்ள போய் உக்காந்துட்டார். அவர் கேட்ட கேள்விக்கு மட்டும் எந்தக் கட்டமும் அந்த டேப்லெட்டுல இல்லை. 'நான் சொன்னா போட்ருவாங்களா?' இந்த மொத்த விவகாரத்துலயும் கேட்க வேண்டிய ஒரே கேள்வி அதுதான்!

சரி, ஒரு கட்சி நெஜமாவே 'நீங்க சொன்னா போட்டுடறோம்'னு சொன்னா? சொன்னாங்களே. 2022 ஜனவரியில ஆம் ஆத்மி பஞ்சாப்ல ஒரு போன் நம்பர் கொடுத்து முதல்வர் வேட்பாளரை நீங்களே சொல்லுங்கன்னது. 21 லட்சத்துக்கு மேல பதில், பகவந்த் மானுக்கு 93 சதவீதம். ரெண்டு மாசத்துல 117ல 92 தொகுதி ஜெயிச்சு அவர் முதல்வரும் ஆனார். ஆஹா பாத்தியான்னு குதிக்காதீங்க. அதே வருஷம் குஜராத்துலயும் அதே கணக்கு. 16 லட்சத்துக்கு மேல பதில், இசுதான் கட்வீக்கு 73 சதவீதம். தேர்தல்ல கட்சிக்குக் கிடைச்சது 182ல 5. கட்வீ தன் சொந்தத் தொகுதியிலயே தோத்தார். போன் போட்டவன் எல்லாம் யாரு? ஆர்வம் இருந்து தானா கூப்பிட்டவன். இது 1936 கார்டு, செல்போன்ல வந்திருக்கு, அவ்ளோதான். ஒரே ஆள் எத்தனை நம்பர்லேர்ந்து கூப்பிட்டார், எண்ணினது யாரு, வெளியாள் யாராச்சும் சரி பார்த்தாங்களா? முன்னாடியே முடிவான பேருக்கு மேளதாளம்னு சந்தேகப்பட்டா தப்பில்லை.

இப்போ உங்கள்ல சில பேர் மனசுல ஓடறது எனக்குக் கேக்குது. 'தினகரன் கணிப்பு பலிச்சிடுச்சே! 2014ல அழகிரியைக் கட்சியை விட்டே நீக்கிட்டாங்க. 2018 ஆகஸ்ட்ல ஸ்டாலின் கட்சித் தலைவர் ஆனார், 2021 மேயில முதல்வரும் ஆனார். 70 சதவீதம் சரிதானே?'

ஆனார். எப்படி ஆனார்? 2018 ஆகஸ்ட் 7ஆம் தேதி கருணாநிதி மறைஞ்சார். 28ஆம் தேதி பொதுக்குழு கூடிச்சு. போட்டியின்றித் தேர்வு. அந்த 70 சதவீதத்துல ஒருத்தரை யாராச்சும் கூப்பிட்டுக் கேட்டாங்களா? வேண்டாம், தி.மு.க.வுல சந்தா கட்டின சாதாரண உறுப்பினர் ஒருத்தராச்சும் அன்னிக்கு அதுக்குனு ஓட்டுப் போட்டாரா? 2007 வரைக்கும் அவர் பார்த்த இளைஞரணி, மேயர் பதவி, அமைச்சர் பதவி இதெல்லாம் பார்த்தா அந்தப் பதிலைக் கணிப்பே எடுக்காம எங்க பெரியவர் சொல்லியிருப்பார். பதில் சரியா இருந்ததால கேள்வி யோக்கியமானது ஆயிடாது. அ.தி.மு.க. வாக்காளரையும் சேர்த்து உக்கார வெச்சு தி.மு.க. வாரிசு யாருன்னு கேக்கறதுல என்ன நியாயம்? பக்கத்து வீட்டு மாப்பிள்ளையை நாம முடிவு பண்ற கதைதானே?

'அப்போ மக்கள் வாயே திறக்கக் கூடாதா? நாளைக்கு நம்மளை ஆளப்போறவர் ஆச்சே?' இது நல்ல கேள்வி. இதுக்குக் கேலி பண்ணாம பதில் சொல்லணும்.

திறக்கணும். ஆனா கணிப்புல இல்லை, ஓட்டுல. அதுக்கு அமெரிக்கா வரைக்கும் போக வேண்டாம். எம்.ஜி.ஆர். ஆரம்பிச்ச கட்சியோட சட்டவிதியிலயே இருந்தது: பொதுச்செயலாளரை அடிப்படை உறுப்பினர்கள் எல்லாரும் சேர்ந்து தேர்ந்தெடுக்கணும். படிச்சுப் பாருங்க, இது பிரைமரிக்கும் ஒரு படி மேல! தமிழ்நாட்டுல ஒரு கட்சி, காகிதத்துல, கடைசித் தொண்டன் கையில சாவியைக் கொடுத்திருக்கு. நடந்தது என்ன? 2016 டிசம்பர் 5ல ஜெயலலிதா மறைஞ்சார். 29ஆம் தேதி பொதுக்குழு சசிகலாவைப் பொதுச்செயலாளரா உக்கார வெச்சது. 2017 பிப்ரவரி 14ல சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு, 16ஆம் தேதி எடப்பாடி பதவியேற்பு, நடுவுல கூவத்தூர் ரிசார்ட். அப்புறம் ஒருங்கிணைப்பாளர், இணை ஒருங்கிணைப்பாளர். 2022 ஜூலை 11ல மறுபடி பொதுக்குழு, இடைக்காலப் பொதுச்செயலாளர் எடப்பாடி. அந்தக் கூட்டத்துலயே விதியை மாத்தினாங்க: பொதுச்செயலாளர் பதவிக்கு நிக்கணும்னா 10 மாவட்டச் செயலாளர் முன்மொழியணும், இன்னும் 10 பேர் வழிமொழியணும், அஞ்சு வருஷம் தலைமைக் கழகத்துல பொறுப்புல இருந்திருக்கணும். உறுப்பினர் ஓட்டு காகிதத்துல அப்படியே இருக்கு, நிக்கறதுக்குத்தான் ஆள் கிடையாது. 2023 மார்ச் 28, போட்டியின்றித் தேர்வு. கதவு திறந்தே இருக்கு, வாசல்ல சுவர் எழுப்பிட்டாங்க.

இந்த ரெண்டு கட்சியிலயும் சேர்த்து லட்சக்கணக்கான உறுப்பினர்கள். கொடி கட்டறவன், போஸ்டர் ஒட்டறவன், பூத்துல உக்கார்றவன். அவனுக்குத் தன் கட்சித் தலைவரைத் தேர்ந்தெடுக்க ஒரு சீட்டு கிடையாது. ஆனா ரோட்டுல போற என்கிட்ட ஒரு தம்பி வந்து கேப்பார், அதுக்கு நான் பதில் சொல்லணும், அது 'ஜனநாயகம்'. தாவு தீருது சாமி.

நடக்காத காரியம்னு சொல்லாதீங்க. 2022 அக்டோபர் 17ல காங்கிரஸ்ல தலைவர் தேர்தல் நடந்தது. கார்கே 7,897, சசி தரூர் 1,072. ஓட்டுப் போட்டது பிரதிநிதிகள்தான், சாதாரண உறுப்பினர் இல்லை. யார் ஜெயிப்பார்னு பச்சைக் குழந்தைக்கும் தெரியும், ஒத்துக்கறேன். ஆனாலும் பெட்டி வெச்சாங்க, எண்ணினாங்க, தோத்தவருக்கு எவ்ளோன்னு நம்பர் வந்தது. அந்த 1,072 ஒரு நெஜ நம்பர். 1,072 பேர் கைப்பட டிக் அடிச்சது. 2007ல வந்த 70க்கும் 2க்கும் அந்த மரியாதை உண்டா?

அது வர்ற வரைக்கும், கணிப்பு போடறவங்க போட்டுக்கிட்டுத்தான் இருப்பாங்க. தடை பண்ணச் சொல்றவன் நான் இல்லை. தடையால ஒண்ணும் ஆகாதுங்கறதுக்கு நம்ம சட்டமே சாட்சி. ஓட்டுப்பதிவு முடியறதுக்கு முந்தின 48 மணி நேரத்துல கருத்துக்கணிப்பு போடக் கூடாது. கடைசிக் கட்ட ஓட்டுப்பதிவு முடியற வரைக்கும் எக்ஸிட் போல் போடக் கூடாது. வாரிசுக் கணிப்புக்கு? எந்தத் தேதித் தடையும் கிடையாது. எப்படி இருக்கும், அங்க தேர்தலே இல்லையே! நினைச்ச அன்னிக்கு, நினைச்ச ஆளுக்கு, நினைச்ச சதவீதம்.

தேர்தல் கணிப்பு வெளியிடறப்போ யார் எடுத்தது, யார் காசு கொடுத்தது, எத்தனை பேர், எப்படிப் பொறுக்கினீங்க, எவ்ளோ முன்ன பின்ன இருக்கும், இத்தனையும் கண்ணுல படற மாதிரி மேலயே போடணும்னு பிரஸ் கவுன்சில் 1996லயே வழிகாட்டுதல் கொடுத்திருக்கு. வாரிசுக் கணிப்புக்கும் இதையே கேளுங்க. நான் இன்னும் ரெண்டு சேர்த்துக் கேப்பேன். கேட்ட கேள்வியை வார்த்தை மாறாம அச்சடிங்க. யாரோட பேரை எல்லாம் லிஸ்ட்டுல வெச்சீங்க, அந்த லிஸ்ட்டைப் போட்டது யாருன்னும் சொல்லுங்க. 'அ, ஆ, இ-ல யாரு வேணும்'னு கேட்டா மூணுல ஒண்ணுதான் வரும். நாலாவது பேரைச் சேர்க்காம விட்டவர்தான் அங்க நெஜமான வாக்காளர்.

நம்ம பங்குக்கு ஒரு காரியம் இருக்கு. இந்த மாதிரி படம் வந்தா ஃபார்வர்டு பண்றதுக்கு முன்னாடி, அதை வெச்சுப் பதிவு போடறதுக்கு முன்னாடி, மேல சொன்னது அதுல இருக்கான்னு பாருங்க. இல்லைன்னா 'இல்லை'ன்னு பதிவுலயே எழுதுங்க. அதுக்கு ஒரு வரிதான் ஆகும். வாரிசு நம்பரை வெச்சு நாலாயிரம் வார்த்தை எழுதறவங்களுக்கு அந்த ஒரு வரி என்ன பாரமா?

பி.கு: 'இவ்ளோ பேசறியே, உனக்கு யாரு வரணும்?'னு பின்னூட்டத்துல கேக்கப்போறவங்களுக்கு: சொல்ல மாட்டேன். என்னையும் அந்த 36லயே சேர்த்துக்கோங்க.